கூப்பிடு தூரம்

பன்னிரண்டு மணிக்கு விசாரணையை நிறுத்தினார்கள்.
அதிகாரி தன் ரொட்டியோடு சன்னலடிக்குப் போனார்.
நான் வாய் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தேன்.
காலை முழுதும் அதற்குள் இருந்தது
இன்னொருவரின் நான்.

நான் பனையோடு ஒட்டி நின்றேன்.
நான் அவர்களை எண்ணவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன்.
தட்டச்சுப் பெண் விரலைக்கூடத் தூக்காமல் எழுதினாள்.

எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள்.
ஒரு கூப்பிடு தூரம் என்றான் சூசைதாசன்.
முந்நூறு மீட்டர், என்றேன்.
மூச்சுவிடும் நேரம்கூட எடுக்கவில்லை.

பாசலில் ரைனைக் கடக்கும் தோணிக்கு
இயந்திரம் கிடையாது.
மேலே ஒரு கம்பி, கம்பியிலிருந்து ஒரு வடம்.
சுக்கானைச் சற்றுச் சாய்த்தால்
ஆறே தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் விடும்.
தோணிக்காரர் காசை எண்ணியபடி இருந்தார்.
ஒரு பிள்ளை தன் காலுறையைத் தண்ணீரில் விட்டுவிட்டு
அது போவதையே பார்த்தது.

அக்கரையில், அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில்,
வெளிச்சம் ஆகாத பொருள்களுக்கான அரை இருட்டில்
ஒரு முழம்கூட இல்லாத தாள்.
பதினெட்டு நாள் போரில் ஏதோ ஒரு நாள்.
ஒருவர் வடமொழியில் வாசிக்க,
ஒருவர் அதைப் பேச்சில் சொல்ல,
ஒருவர் பாரசீகத்தில் எழுத,
இது எதையும் படித்திராத ஒருவன்
வரைந்திருக்கிறான்.

தேர் என்று அவன் காதில் விழுந்திருக்கும்.
கண்டதில்லை.
சந்தைக்குப் பூசணி ஏற்றும் வண்டியை எடுத்து
குடை வைத்து, குதிரை பூட்டி,
வில்லாளியை அதில் ஏற்றிவிட்டான்.
வில்லாளிக்கு லாகூர்ப் பட்டில் அங்கி.
அம்புகளின்மேல் கிடக்கும் கிழவருக்கும்
சரிகைச் செருப்பு.
அரசவையில் ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள்.
எனக்கும் சிரிப்பு வரவில்லை,
முந்நூறு மீட்டர் சொன்னவளுக்கு.

பொன் பூசிய வானத்தின் கீழே
தூரம் என்ற ஒன்றே இல்லை.
உச்சியில் நிற்கும் சிப்பாயும்
அடியில் விழுந்து கிடப்பவனும் ஒரே பருமன்.
மேலே உள்ளவனின் வாய் திறந்திருக்கிறது.
கீழே உள்ளவனின் தலை
அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.
கண்ணாடிமேல் விரல் வைத்து அளந்தேன்.
ஆறு விரற்கடை.
கேட்டிருக்கிறது.

தொடவேண்டாம் என்றார் காவலர்.

கீழ் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு பெயர்.
கோடு இன்னார், வண்ணம் இன்னார்
என்றது பக்கத்து அட்டை.
பேச்சில் சொன்னவருக்கு ஓரத்திலும் இடமில்லை.

மூன்றரைக்கு எல்லாவற்றையும் திருப்பி வாசித்தேன்,
ஜெர்மனிலிருந்து தமிழுக்கு,
அவன் சொன்னதை அவனுக்கு.
பதினோராம் பக்கத்தில் அவன் நிமிர்ந்தான்.
நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா.

அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார்.
முதல் விசாரணையில் நூற்றைம்பது மீட்டர்,
இப்போது முந்நூறு.
பேனாவைத் திறந்தார்.

பிழை என்னுடையது, என்றேன்.
அன்று முழுதும் அந்த ஒரு தடவைதான்
நான் என்றால் நான்.

அப்படியென்றால் எவ்வளவு?
ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் அளவு.
அது காற்றைப் பொறுத்தது அல்லவா, என்றார் அதிகாரி.
கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

சூசைதாசனிடம் திரும்பினேன்.
அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான்:
அண்டைக்குக் காத்தில்லை.
தம்பி கூப்பிட்டவன்.
எனக்குக் கேட்டது.

தட்டச்சு நின்றது. பிறகு ஓடியது.
திருத்தத்தின் ஓரத்தில் அவன் கையெழுத்து வைத்தான்.
அதிகாரி வைத்தார்.
எனக்கும் அங்கே ஒரு கோடு இருந்தது.
பேனா எழுதவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்.